சேகோ கொள்முதல் மாட்யூல்: தொடர ஆள் இருக்கா, மூடிடலாமா?

அம்மாப்பேட்டை_டெர்மினல்:

நேரா விஷயத்துக்கு வர்றேன். இஆர்பிநெக்ஸ்ட்ங்கற திறந்த மூல கணக்கு மென்பொருள் மேல ஓடுற சேகோ (ஜவ்வரிசி) கொள்முதல் மாட்யூலைத் தொடரலாமா, மூடிடலாமான்னு அரவை சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி முடிவெடுத்தாகணும். புதுசா படிக்கிறவங்களுக்கு: குச்சிக்கிழங்கு லோடு மில் கேட்டுக்குள்ள வந்ததும் எடைமேடையில இருந்து எடையை வாங்கும், சாம்பிள்ல மாவுச்சத்து எவ்வளவுன்னு பார்த்துப் பாயிண்ட் போடும், மண்ணு கழிவு கழிக்கும், கடைசியில பர்ச்சேஸ் ரசீதா மாத்தும். வேலை அவ்வளவுதான்.

இப்போதைய நிலை: இஆர்பிநெக்ஸ்ட் வெர்ஷன் 14க்கான பிராஞ்ச் (கோடோட கிளை) மட்டும்தான் ஓடுது. 15க்கு மாத்துற வேலை பாதியில நிக்குது. ரிலீஸ் போடுற உரிமை ரெண்டு பேர்கிட்ட இருந்தாலும் ஒருத்தர்தான் வர்றார். புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கச் சொல்லி வந்த திருத்தங்கள்) எல்லாம் ரிவ்யூவுக்கு, அதாவது படிச்சு ஒப்புதல் தர, ஆள் இல்லாம தேங்கிக் கிடக்கு.

"என் ஆதரவு உண்டு"ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்த வேலையை, எந்த மாசம் வரைக்கும் பார்ப்பீங்கன்னு எழுதுங்க.

கன்னங்குறிச்சி_பெஞ்ச்:

முதலில் ஆட்களைச் சரியாக எண்ணுவோம். கிட் ஷார்ட்லாக்கை (யார் எத்தனை கமிட், அதாவது கோடு மாற்றப் பதிவு, செய்தார் என்று எண்ணும் கட்டளை) ஓட்டி வரும் பட்டியலை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். கடைசி 12 மாதம் என்று வரம்பு வைத்து, மெர்ஜ் (கிளைகளை இணைக்கும்) கமிட்களைத் தவிர்த்து ஓட்டுங்கள். ஒரே ஆள் ஆபீஸ் மெயிலிலும் சொந்த மெயிலிலும் கமிட் செய்திருந்தால் இரண்டு பேராக வருவார். மெயில்மேப் பைலில் இரண்டையும் சேர்த்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். டிபென்டபாட் என்ற தானியங்கி, மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து தானாக வரும் கமிட்கள் எல்லாம் ஆள் கணக்கில் சேராது. ஸ்குவாஷ் செய்து (பல கமிட்களை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: நாலு பேர் செய்த வேலை ஒருவர் பெயரில் நிற்கும். மற்றவர்கள் கமிட் செய்தியின் அடியில் "கோ-ஆதர்ட்-பை" வரியில் இருப்பார்கள்.

இன்னொன்று, கமிட் செய்தவர்களைவிட மற்றவர் கோடைப் படித்து ஒப்புதல் கொடுத்தவர்களைத்தான் நான் முதலில் தேடுவேன். எழுதுபவர் பத்துப் பேர் இருந்து ரிவ்யூ செய்பவர் ஒருவர் என்றால் அது ஒரு ஆள் மாட்யூல்தான். நம் ரெப்போவில் (கோடு இருக்கும் கிட்ஹப் களஞ்சியம்) கடைசி ஒரு வருட மெர்ஜ்களைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றை வேறு யாரும் பார்க்காமல் எழுதியவரே மெர்ஜும் செய்திருக்கிறார்.

டெஸ்ட் தேறியதாகக் காட்டும் பச்சை டிக்கையும் நம்பாதீர்கள். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால், நேரம் குறித்து ஓடும் ஒர்க்ஃப்ளோக்களை கிட்ஹப் தானாகவே நிறுத்திவிடும். நம் இரவு டெஸ்ட் அப்படித்தான் நின்றிருக்கிறது. பக்கத்தில் தெரியும் பச்சை, நிற்பதற்கு முன் ஓடிய கடைசி ஓட்டத்தின் பச்சை.

தலைவாசல்_லோடு:

அண்ணா, ஒரு சந்தேகமுங்க. எங்க மில்லுல இது நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்குது. யாரும் தொடலைன்னா அப்படியே ஓடட்டுமே. எதுக்குங்க மூடறதைப் பத்திப் பேச்சு? சீசன்ல கேட்டுல லாரி வரிசை கட்டி நிக்கறப்ப புதுசா ஒண்ணு பழகச் சொன்னா எடை போடற பையன் ஓடியே போயிருவான்.

அம்மாப்பேட்டை_டெர்மினல்:

> யாரும் தொடலைன்னா அப்படியே ஓடட்டுமே

நாம தொடலைன்னாலும் கீழ இருக்கறது நகரும். உங்க மில் எடைமேடை சீரியல்–ஈதர்நெட் கன்வர்ட்டர் வழியாத்தானே வருது? அந்தக் கோடு டெல்நெட்லிப்ங்கற பைதான் மாட்யூலை நம்பி இருக்கு. பைதானோட ஸ்டாண்டர்டு லைப்ரரியில கவனிக்க ஆள் இல்லாத பழைய மாட்யூல்கள் 19ஐ பெப் 594ங்கற பைதான் முடிவுப்படி வெர்ஷன் 3.13ல தூக்கிட்டாங்க, 2024 அக்டோபர்ல. டெல்நெட்லிப் அதுல ஒண்ணு. சர்வரை யாராவது புது உபுண்டுவுக்கு ஏத்தி, மேல 3.13ஐ வச்சா அன்னைக்கே எடை வர்றது நின்னுடும். சரிபண்றது பெரிய வேலை இல்லை, சாதா சாக்கெட்டா மாத்தினா போதும். ஆனா மாத்தினதை நிஜ எடைமேடையில வச்சுப் பார்க்க ஒருத்தர் வேணும்.

பெரிய வேலை வெர்ஷன் 15. நாம ஒவ்வொரு லோடையும் ஒரு பேட்ச்சா (தனி நம்பர் போட்ட சரக்குத் தொகுதியா) வைக்கிறோம். 15ல இஆர்பிநெக்ஸ்ட் "சீரியல் அண்ட் பேட்ச் பண்டில்"னு தனி ஆவணம் கொண்டுவந்திருச்சு. ரசீது வரியில பேட்ச் நம்பரை நேரா எழுதுற நம்ம பழைய கோடு அங்க செல்லாது. பழைய மாதிரி கட்டங்களையே வச்சுக்க ஒரு டிக் பெட்டி அப்புறம் வந்துச்சு, அதை வச்சு ஒப்பேத்தலாம். ஆனா ஒரு லோடைப் பிரிச்சு ரெண்டு குடோனுக்கு இறக்கினா எப்படி நடந்துக்கும்னு டெஸ்ட் எழுதாம சொல்ல முடியாது. 14லயே உட்கார்ந்தா பாதுகாப்புத் திருத்தம் வரும்னு நம்பி இருக்க முடியாது. கணக்கு முழுசும் இருக்கற சர்வர் அது.

செவ்வாய்ப்பேட்டை_பைட்:

பாயிண்ட் கணக்கு விஷயமும் இருக்கிறது. அதை முழுதாகப் புரிந்துவைத்திருப்பவர் ஒரே ஒருவர். என் பயமெல்லாம் அங்கேதான்.

சாம்பிளைக் காற்றில் ஒருமுறை, தண்ணீருக்குள் ஒருமுறை எடை போடுகிறோம். 5 கிலோ சாம்பிள் தண்ணீருக்குள் 600 கிராம் காட்டினால் அடர்த்தி 5 ÷ 4.4, அதாவது 1.13636. மாட்யூல் அதை 112.1 ஆல் பெருக்கி 106.4ஐக் கழிக்கும், அடர்த்தியைச் சுற்றாமல் விட்டால் 20.99 பாயிண்ட். இப்போது யாரோ சிஸ்டம் செட்டிங்ஸில் ஃப்ளோட் பிரிசிஷனை (தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பது) 3லிருந்து 2 ஆக்கிவிட்டார் என்று வையுங்கள், பில் அழகாகத் தெரிய வேண்டும் என்று. அடர்த்தி 1.14 ஆகி, பாயிண்ட் 21.39. அடர்த்தி 1.134 வந்திருந்தால் 1.13 ஆகி, 20.72 வர வேண்டிய இடத்தில் 20.27. ஒரே செட்டிங், ஒரு லோடில் மில்லுக்கு நஷ்டம், அடுத்த லோடில் விவசாயிக்கு. பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஊரில் 0.4 பாயிண்ட் என்றால் கேட்டிலேயே சண்டை வரும்.

இதைத் தடுக்க அந்த ஃபீல்டுக்கு மட்டும் தனியாக 6 இலக்கம் வைத்த திருத்தம், மெர்ஜ் ஆகாமல் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்களில் ஒன்று. இரண்டே வரி. ரிவ்யூ செய்ய ஆள் இல்லாததால் நிற்கிறது. "ஆள் போதுமா" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

சேர்வராயன்_சீரியல்:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எஸ்டேட்களில் உங்கள் மாட்யூலின் பாதியைத்தான் பயன்படுத்துகிறோம்: எடை வாங்கும் பகுதி. பறித்த காபிப் பழத்தை ஆள் வாரியாக எடை போடுவதற்கும், மிளகு மூட்டைக்கும் அதுவே போதும். பாயிண்ட், மண் கழிவு எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

ஆள் கூடுமா என்று பார்ப்பதற்கு முன் வேலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். எடைப் பகுதியைத் தனி ஆப்பாகப் பிரித்துவிடுங்கள். அதற்கு இஆர்பிநெக்ஸ்ட்கூடத் தேவையில்லை, அதன் அடித்தளமான ஃப்ராப்பே மட்டும் போதும். பேட்ச் பண்டில் தலைவலி அந்தப் பக்கம் வராது. நெல் மில், இரும்பு வியாபாரம் என்று எடைமேடை உள்ள எல்லோருக்கும் பயன்படும். ஆள் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். பாயிண்ட் பகுதி சிறிய ஆப்பாகத் தனியே நிற்கட்டும். அதில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் வந்தாலே அதிகம்.

பிரித்தால் எடைப் பகுதியை நான் ஏற்கிறேன், அடுத்த மார்ச் வரை. பாயிண்ட் பகுதியில் நான் கை வைக்க மாட்டேன், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

கன்னங்குறிச்சி_பெஞ்ச்:

பிரிப்பது நல்ல யோசனை, ஆனால் அது ஆளைக் கொண்டுவந்துவிடாது. இஆர்பிநெக்ஸ்டே 14ல் விவசாயம், கல்வி, மருத்துவம், விடுதி, தொண்டு நிறுவனம் ஆகிய பகுதிகளை மையத்திலிருந்து எடுத்துத் தனித்தனி ஆப்பாக வைத்தது. மையம் லேசானது உண்மை. ஆனால் தனியே போன ஒவ்வொன்றும் தனக்கான ஆளைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரித்த அன்றே இரண்டு ரெப்போவுக்கும் இரண்டு ரிலீஸ், இரண்டு டெஸ்ட் அமைப்பு, எந்த வெர்ஷனோடு எது ஒத்துப்போகும் என்ற அட்டவணை. இப்போது இருப்பவர் ஒருவரே என்றால் அவர் வேலை இரட்டிப்பாகும். சேர்வராயன் ஏற்பதாகச் சொன்னதால்தான் இதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற இடங்களில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். அப்பாச்சி என்ற திறந்த மூல அறக்கட்டளையில் ஒரு ரிலீஸ் வெளியே போக மேலாண்மைக் குழுவில் குறைந்தது 3 பேர் ஆதரவு ஓட்டுப் போட வேண்டும். அந்த மூன்று பேரைத் திரட்ட முடியாத திட்டம் அட்டிக் என்ற பரணுக்குப் போகும். 2008லிருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. கோடு அழியாது, படிக்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தனி நகலெடுத்து வளர்க்கலாம்), அப்பாச்சி பெயரில் ரிலீஸ் மட்டும் வராது. டெபியன் லினக்ஸில் பொட்டலத்தின் நிலைக்கு ஏற்ற குறி உண்டு: உதவி வேண்டும், ஏற்க ஆள் வேண்டும், அனாதை. கவனிப்பாரற்ற பொட்டலத்தை இன்னொருவர் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பொதுவில் அறிவித்து 21 நாள் காத்திருக்க வேண்டும். துருபல் என்ற இணையதள மென்பொருளில் திட்டப் பக்கத்திலேயே "இணைப் பராமரிப்பாளர் தேடுகிறோம்" என்று போட்டுவைக்கலாம்.

எனக்கு அப்பாச்சி எண்தான் பிடிக்கும். மூன்று பேர் கோடு எழுத வேண்டும் என்று அது கேட்கவில்லை. ரிலீஸை இறக்கி, கட்டி, ஓட்டிப் பார்த்து "சரி" என்று சொல்ல மூன்று பேர் கேட்கிறது.

புது_பயனர்_636:

வணக்கம். உங்கள் மாட்யூலை முழுவதுமாக ஏற்று நடத்தத் தயார். அட்மின் உரிமையை எனக்கு மாற்றிக் கொடுத்தால் இந்த வாரமே வெர்ஷன் 15 ரிலீஸ் போட்டுவிடலாம். இத்தனை நாள் பயனர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை.

செவ்வாய்ப்பேட்டை_பைட்:

வாங்க. ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் முதல் பதிவிலேயே அட்மின் உரிமை யாருக்கும் கிடையாது, உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

எக்ஸ்இசட் (லினக்ஸில் கோப்பைச் சுருக்கும் கருவி) கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். சோர்ந்துபோயிருந்த ஒற்றை மெயின்டெய்னர்மேல் "ஏன் இத்தனை தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று சில கணக்குகளிலிருந்து நெருக்குதல். பக்கத்திலேயே பொறுமையாகத் திருத்தம் அனுப்பிக்கொண்டு ஒரு உதவியாளர். இரண்டு வருடத்துக்கும் மேல் உழைத்து நம்பிக்கை வாங்கிய அதே கணக்குதான் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவை வைத்தது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) லாகின் அரை வினாடி தாமதமாவதை ஒருவர் கவனித்துத் தோண்டியதால் 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. அதற்கு முன் 2018ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலம்: கேட்டவரிடம் உரிமையைக் கொடுத்தார்கள், கிரிப்டோ பணப்பையைக் குறிவைக்கும் கோடு உள்ளே போனது.

நம் மாட்யூல் அத்தனை பெரியதில்லைதான். ஆனால் மில்லின் கொள்முதல் கணக்கு, விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும் சர்வரில் அது ஓடுகிறது.

தொடங்க நல்ல இடம்: அந்த இரண்டு வரிப் பிரிசிஷன் திருத்தம். அதை இறக்கி ஓட்டி, மேலே சொன்ன 1.134 கணக்கை டெஸ்டாக எழுதி அனுப்புங்கள். அப்படி சில திருத்தங்கள் மெர்ஜ் ஆன பிறகு இஷ்யூக்களைப் பிரித்துக் குறியிடும் உரிமை, அதன் பிறகு ரிவ்யூ உரிமை, ரிலீஸ் உரிமை கடைசி. மெயின் பிராஞ்ச்சுக்கு நேராக புஷ் செய்வது யாருக்கும் வேண்டாம், பழையவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தலைவாசல்_லோடு:

மில்லுக்கு இவ்வளவுன்னு போட்டு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சா ஆகாதுங்களா? எங்க பக்கம் ரெண்டு மூணு மில்லுல கேட்டா குடுப்பாங்க.

அம்மாப்பேட்டை_டெர்மினல்:

ஆகும், ஆனா எந்த வேலைக்குன்னு பிரிச்சுப் பார்க்கணும். 15க்கு மாத்துறது எல்லை தெரிஞ்ச வேலை: பண்டில் கோடு, பழைய லோடு பேட்ச்களைப் புது அமைப்புக்கு மாத்த ஒரு மைக்ரேஷன் ஸ்கிரிப்ட், டெஸ்ட். இதுக்குக் காசு கொடுத்து முடிக்கலாம், மில்கள் சேர்ந்து கொடுத்தா சந்தோஷம். மாசாமாசம் ரிவ்யூ, கேள்விக்குப் பதில், திடீர்னு வர்ற பாதுகாப்புத் திருத்தம், இதையெல்லாம் அப்படி ஒப்பந்தத்துக்கு விட முடியாது. காசு நின்ன மாசம் ஆளும் நிப்பார், நாம திரும்ப இதே இழையில உட்கார்ந்திருப்போம்.

அதோட இன்னொரு சிக்கல். மண் கழிவு எத்தனை சதவீதம்னு மெயின் பிராஞ்ச்ல இப்ப பூஜ்யம்தான் வச்சிருக்கோம், மில்காரர் தானா நிரப்பணும், ரசீதுல அது தனி வரியா வரும். காசு கொடுக்கற மில் "இயல்பா இவ்வளவு கழிக்கட்டும், தனி வரி வேண்டாம்"னு கேட்டா? லைசென்ஸ்படி அவங்க ஃபோர்க்ல என்ன வேணா வச்சுக்கலாம். மெயின்ல அதுக்கு இடமில்லைன்னு இப்பவே எழுதி வச்சிடணும். விவசாயி கையில போற ரசீது அது.

சேர்வராயன்_சீரியல்:

சரி, முடிவுக்கு ஒரு வரைவு போடுகிறேன், திருத்துங்கள்.

நிரப்ப வேண்டிய வேலைகள் நான்கு: ரிலீஸ் போடுவது, ரிவ்யூ, நிஜ எடைமேடையில் சோதனை, பயனர் கேள்விகள். முதல் இரண்டுக்கும் ஒரு ஆளும் ஒரு மாற்றாளும் கட்டாயம். மொத்தம் குறைந்தது மூன்று பேர், மூவரும் ஒரே ஆபீஸாக இருக்கக் கூடாது. அந்த ஆபீஸில் வேலை கூடினால் மூவரும் ஒரே நாளில் காணாமல் போவார்கள். ரிலீஸுக்கு இருவர் ஒப்புதல். டொமைன் புதுப்பிப்பு, ரெப்போ உரிமை, பேக்கப் சாவி ஆகியவை குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும், இரண்டு அடுக்குச் சரிபார்ப்போடு.

சோதனையும் சொல்கிறேன். ஜூன் 30க்குள் டெல்நெட்லிப் மாற்றமும் பிரிசிஷன் திருத்தமும் சேர்த்து 14ல் ஒரு ரிலீஸ் வர வேண்டும். எழுதியவர் ஒருவர், ரிவ்யூ இன்னொருவர், ரிலீஸ் போடுபவர் மூன்றாமவர். அது நடந்தால் ஆள் இருக்கிறது. நடக்காவிட்டால் இல்லை, அதற்குமேல் விவாதம் வேண்டாம்.

கன்னங்குறிச்சி_பெஞ்ச்:

ஒப்புக்கொள்கிறேன். ரிவ்யூவுக்கு நான், டிசம்பர் வரை. மூட நேர்ந்தால் எப்படி மூடுவது என்பதையும் இதோடு எழுதிவிடுவோம், அதில்தான் அதிகம் கெடும்.

ரெப்போவை ஆர்க்கைவ் செய்தால் இஷ்யூ, புல் ரிக்வெஸ்ட் எல்லாம் படிக்க மட்டும் என்று ஆகிவிடும். அதனால் குறியிடுவது, பதில் எழுதுவது, முகப்பு ரீட்மீயில் "பராமரிப்பு நின்றது, கடைசியாகச் சோதித்த வெர்ஷன் இது" என்று போடுவது எல்லாம் முன்பே முடிய வேண்டும். ஆள் வந்தால் ஆர்க்கைவைத் திரும்ப எடுக்கலாம், பயமில்லை.

மில்களுக்கு முக்கியமான எச்சரிக்கை: மாட்யூல் நின்றது என்று கேட்டதும் யாராவது பெஞ்ச் என்ற ஃப்ராப்பே கட்டளைக் கருவியில் அன்இன்ஸ்டால்-ஆப் ஓட்டுவார்கள். அது டாக்டைப்களையும் (ஆவண வகைகள்) அவற்றின் டேபிள்களையும் சேர்த்தே அழிக்கும். பழைய லோடு, பாயிண்ட் பதிவு எல்லாம் போய்விடும். முதலில் டிரை-ரன் (எதையும் அழிக்காத ஒத்திகை) போட்டு என்னென்ன போகும் என்று பார்க்க வேண்டும். பதிவுகளை சிஎஸ்வியாக எடுத்து, முழு பேக்கப்பை வேறு மெஷினில் திரும்ப ஏற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இன்னும் சிலர் ஆப்ஸ் போல்டரை மட்டும் நேராக அழிப்பார்கள். சைட்டின் பட்டியலில் பெயர் இருக்கும், கோடு இருக்காது. மாட்யூலைக் காணோம் என்று மொத்த சைட்டும் விழும்.

புது_பயனர்_636:

புரிகிறது. 1.134, 1.13636 இரண்டுக்கும் டெஸ்ட் எழுதி அனுப்பியிருக்கிறேன். பிரிசிஷன் 2 என்று வைத்து ஓட்டினால் பழைய கோடு இரண்டிலும் தோற்கிறது, திருத்தத்தோடு இரண்டும் தேறுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை_பைட்:

பார்த்தேன், நன்றாக இருக்கிறது. டெஸ்ட் முடிந்ததும் செட்டிங்கைப் பழையபடி 3க்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஓடும் டெஸ்ட்கள் காரணமில்லாமல் விழும். அதை மாற்றியதும் கன்னங்குறிச்சி_பெஞ்ச் மெர்ஜ் செய்வார். ரிலீஸுக்கு மாற்றாளாக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், சீசன் முடியும் வரை.

தலைவாசல்_லோடு:

எனக்குக் கோடு எழுதத் தெரியாதுங்க. எடைமேடையில சோதனை பண்றது நம்ம மில்லுல ஆகும். ஆனா இங்க இண்டிகேட்டர் (எடை காட்டற பெட்டி) 2400 பாட், 7 பிட், ஈவன் பேரிட்டி. கன்வர்ட்டரை விட்டுட்டு நேரா யூஎஸ்பி கேபிள்ல போட்டா சில சமயம் 12,500க்கு 1,250ன்னு வருது. அதையும் பார்க்கணுமுங்களா?

சேர்வராயன்_சீரியல்:

கட்டாயம் பார்க்கணும், அதுதான் எனக்கு வேண்டியது. இண்டிகேட்டர் நிறுத்தாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். நம் கோடு நடுவில் படிக்க ஆரம்பித்தால் முன்பாதி எண் தவறிவிடும், முடிவதற்குள் நிறுத்தினால் கடைசி இலக்கம் தவறிவிடும். தொடக்கக் குறியிலிருந்து முடிவுக் குறி வரை முழுதாக வந்ததை மட்டும் எடுத்து, அடுத்தடுத்து மூன்று முறை ஒரே எண் வந்தால்தான் ஏற்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள்: முதலில் மாட்யூலின் எடை சர்வீஸை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு புரோகிராமும் ஆளுக்குப் பாதி பைட் எடுத்துக்கொள்ளும். எஸ்டிடிஒய் (சீரியல் போர்ட்டை அமைக்கும் லினக்ஸ் கட்டளை) மூலம் 2400, 7 பிட், ஈவன் பேரிட்டி, ரா என்று போர்ட்டை வைத்து, கேட் கட்டளையால் பைலுக்கு எழுத விடுங்கள். மேடை காலியாக இருக்கும்போது தொடங்கி, லாரி ஏறி, நின்று, இறங்கும் வரை. இண்டிகேட்டரில் அப்போது தெரிந்த எடையைத் தாளில் குறித்து போட்டோவும் அனுப்புங்கள். கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகிவிட்டு போர்ட்டின் பெயர் டிடிஒய்யூஎஸ்பி 0 என்று இருந்தது 1 ஆகிறதா என்றும் பாருங்கள். அப்படி மாறினால் யூடெவ் விதி (போர்ட்டுக்கு மாறாத பெயர் வைக்கும் லினக்ஸ் விதி) எழுத வேண்டும். மலிவான சிஎச்340 சிப் வைத்த கேபிளுக்குத் தனி சீரியல் எண் இருக்காது, எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயர் கொடுக்க முடியும்.

தலைவாசல்_லோடு:

சரிங்க. சனிக்கிழமை லோடு வருது, எடுத்து அனுப்பறேன். ஓட்டையில ஸ்டிக்கர் ஒட்டி வச்சிடறேன், பையன் மாத்திச் செருகாம இருக்கட்டும்.